இடது பக்கம் சாய்கிற போன்

இன்றோடு ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் பூங்கோதை காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். ஆனால் கிளம்பும் நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. பரண்மேல் கிடந்த அட்டைப்பெட்டியை இறக்கி, தூசி தட்டி, கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முடிவெடுக்க வேண்டிய நாளில் பழைய பெட்டியைத் திறக்கிறவர்கள் உருப்பட்டதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

கோயம்புத்தூர் கணபதியில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அவளுடைய அலுவலகம். கீழே பப்ஸ் வேகிற வாசனை பதினோரு மணிக்கு மேலே ஏறி வரும். அந்த வாசனைக்கு நடுவில் உட்கார்ந்துதான் அவளும் அவள் கணவர் சென்னியப்பனும் ‘நாள்தாள்’ என்ற செயலியை உண்டாக்கினார்கள். விசேஷமாக ஒன்றுமில்லை, போனுக்குள் ஒரு தினசரி காலண்டர். காலையில் எழுந்ததும் விரலால் இழுத்தால் ‘சரக்’கென்று நேற்றைய தாள் கிழியும். ராகு காலம், நல்ல நேரம், முகூர்த்தம், அமாவாசை எல்லாம் இருக்கும். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அந்த ‘சரக்’ கேட்காமல் பொழுது விடியாது என்கிற அளவுக்கு அது வளர்ந்தது.

பெட்டிக்குள் இருந்தவை அந்தச் செயலியின் முதல் திரைகள். எல்லாம் காகிதத்தில், போன் அளவுக்கு வெட்டி, பேனாவால் வரைந்தவை. சிலவற்றில் தேங்காய் பன் எண்ணெய் ஒட்டியிருந்தது. அந்தக் காலத்தில் கணினியில் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் இந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு கீழே போவார்கள். டீ குடிக்க வந்தவர் முன்னால் ஒரு தாளை வைத்து, “இதுதான் போனுன்னு நினைச்சுக்கோங்க” என்பாள் பூங்கோதை. அவர் காகிதத்தைத் தொட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் சென்னியப்பன் சட்டென்று அடுத்த தாளை மாற்றி வைப்பார். அவர்தான் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் பேசக் கூடாது என்பது சட்டம். வெற்றிடத்தில் யாராவது விரல் வைத்துவிட்டால் மட்டும் “ட்ரிங்” என்று மெல்லச் சொல்லலாம். அந்தப் பெரிய உருவம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு “ட்ரிங்” என்று சொல்வதைப் பார்க்கவே சிலர் வேண்டுமென்றே தப்பாகத் தொடுவார்கள். அப்படிச் சிரித்த நாட்களைப் போல அப்புறம் ஒரு நாள்கூட வாய்க்கவில்லை என்று பூங்கோதைக்குத் தோன்றும்.

சென்னியப்பன் போய் மூன்று வருஷமாகிறது.

“அக்கா, நிழல்காரங்க மறுபடியும் கூப்ட்டாங்க” என்று கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான் இன்பராஜ். செயலியை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கெல்லாம் அவன் பொறுப்பு. சென்னியப்பன் வேலைக்குச் சேர்த்தவன், இப்போது அவனுக்கே முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. “நிழலா, களிமண்ணான்னு சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு சொல்லோணுமாம்.”

“ரெண்டையும் வெச்சுக்கிட்டா அவங்களுக்கு என்னவாம்?”

“அதத்தானுங்க்கா நானும் கேட்டேன். நாம களிமண்ல அரைகொறையாச் செஞ்சு ஆளுங்க கையில குடுக்கறோமில்லைங்க? அவங்க அதுல தடுமாறுவாங்க. அந்தத் தடுமாத்தத்தையும் சேத்து நிழல் கத்துக்குது. அப்பறம் தெளிவா இருக்கற எடத்துலயும் தடுமாற ஆரம்பிக்குது. பழக்கங்கெட்டுப் போகுதுங்க. அதனால நிழல் வேணும்னா, உசுரோட இருக்கற ஒரு ஆளுக்கும் மாதிரி காட்டப்படாதுங்கறாங்க.”

களிமண் என்பது புதுத் திரைகளுக்கு மாதிரி செய்து பார்க்க பூங்கோதையே உண்டாக்கிய மென்பொருள். மனதில் தோன்றுகிற திரையை வரைந்தால் போதும், அடுத்த நொடி யாருடைய போனிலும் அது அரைகுறையாக வேலை செய்யும். ஆள் தொட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்து, திட்டி, சிரித்து நல்லது கெட்டது சொல்வார். காகிதப் பெட்டியின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிழல் வேறு ஜாதி. முதலில் வெறும் கணக்குப் பார்க்கிற மென்பொருளாகத்தான் வந்தது. எத்தனை பேர் வந்தார்கள், எங்கே நின்றார்கள், எங்கே கைவிட்டார்கள் என்று சொல்லும். பிறகு அதற்குப் புத்தி வளர்ந்தது. ஒருவர் போனைப் பிடிக்கிற பிடி, விரல் தயங்குகிற இடம், அழுத்துகிற வேகம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு அந்த ஆளின் நிழலை உண்டாக்கிவிடும். அதற்குப்பின் அந்த ஆளே தேவையில்லை. எந்தப் புதிய திரையைக் காட்டினாலும் அவர் என்ன செய்வாரோ அதை நிழல் செய்யும். லட்சம் நிழல்கள் ஒரு திரையைத் தொட்டுப் பார்த்து முடிக்க, ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது.

“நமக்குப் போட்டியா இருக்கற அத்தனை பேரும் நிழலுக்குப் போயிட்டாங்க. நாம மட்டும் இன்னும் ஆளுகளப் புடிச்சு உக்கார வெச்சு, ‘என்னுங்க, புரியுதுங்ளா’ன்னு கேட்டுட்டு இருக்கறோம். எனக்கும் களிமண் புடிக்குமுங்க்கா. ஆனா புடிக்குதுங்கறதுக்காகத் தொழில் பண்ண முடியாதில்லைங்க?”

அவன் சொல்வது நியாயம். அவளிடம் நியாயமும் இருந்தது, ரகசியமும் இருந்தது. ரகசியம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்தால் இன்பராஜ் திகைத்துப் போவான் என்று நினைத்தாள்.

தினமும் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். நிழலைத் திறந்து, பெயர்ப் பட்டியலில் சென்னியப்பன் என்ற பெயரை எடுப்பாள். இறந்தவரின் நிழலுக்கு இறப்பு தெரியாது. ஒரு திரையைக் கொடுத்தால் விரலின் ரேகை வட்டமாக மினுக்கென்று தோன்றும். முதலில் தாளின் ஓரத்தை லேசாகத் தூக்கி, நாளைக்கு என்ன என்று எட்டிப் பார்க்கும். அவரேதான். இன்றைய தாளைக் கிழிப்பதற்கு முன்னால் நாளையைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிற மனுஷன் உலகத்தில் வேறு யார் இருக்க முடியும்? பிறகு ராகு காலத்தின் மேல் கொஞ்சம் நிற்கும். பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பாள்.

அதைவிட அவளை ஆச்சரியப்படுத்தியது வேறொன்று. ‘நினைவூட்டட்டுமா?’, ‘புதுப்பிக்கலாமா?’ என்று எதையாவது கேட்டு இரண்டு பட்டன் வைத்தால், நிழல் ஒன்றும் செய்யாமல் வெகுநேரம் நிற்கும். அப்புறம் திடீரென்று, இடது பக்கப் பட்டனில் ஒரே குத்தாக அழுத்தும். தயக்கமே இல்லாத, அடித்துச் சொல்வது போன்ற அழுத்தம். உயிரோடு இருந்தபோது எதற்கும் தீர்மானமாக ஒரு வார்த்தை சொல்லாதவர். சட்டை எடுக்கப் போனால்கூட இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த மனுஷனுக்குள் இவ்வளவு உறுதி எங்கே ஒளிந்திருந்தது? இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தும் தனக்குத் தெரியாத ஒரு சென்னியப்பன் இருந்திருக்கிறார் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

ஆக, களிமண்ணைப் பெற்றெடுத்தவளுக்கு நிழல் வேண்டியிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

“வா தம்பி, கீழ போலாம்” என்றாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. “கடைசியா ஒருக்கா பழையபடி பாத்துடலாம். நீதான் கம்ப்யூட்டரு.”

“அய்யோ அக்கா!”

“கம்ப்யூட்டர் பேசப்படாது.”

கீழே சகுந்தலாமணி வழக்கமான மூலையில் டீயும் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெருக்காரி. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாள்தாளின் ஆதிகால வாடிக்கையாளர்களில் ஒருத்தி, சென்னியப்பனின் ‘ட்ரிங்’கை நேரில் கேட்டவள். பெட்டியைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது.

“அட, இன்னுமா கண்ணு இதெல்லாம் வெச்சிருக்கற?”

பூங்கோதை ஒரு புதுத் தாளை அவள் முன்னால் வைத்தாள். அடுத்த மாதம் வெளிவர வேண்டிய திரை அது. திறந்ததும் தாளின் நடுவில், பெரிய எழுத்தில், ‘அடுத்த சுபமுகூர்த்தம்’ என்று இருக்கும். சகுந்தலாமணி மாதிரி ஆட்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும் என்று நிழல் அடித்துச் சொல்லியிருந்தது. அவளுடைய சொந்த நிழலே ஒரு நொடியும் தயங்காமல் அதைத் தொட்டிருந்தது.

நிஜமான சகுந்தலாமணி தொடவில்லை. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

“இதென்ன, எடுத்தோடனே முகூர்த்தம்?”

“நீங்க மொதல்ல அதத்தானுங்களே பாப்பீங்க?”

“பாத்தேன். எம்பட புள்ளைக்கு மாப்ள தேடுன வரைக்கும் பாத்தேன். அவ கண்ணாலமே வேண்டாம்னுட்டா. அழுதேன், சண்ட போட்டேன், பட்டினிகூடக் கெடந்தேன். அப்பறம் ஒரு நாளு சரின்னுட்டேன். இப்ப ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கறோம்.” டீயை ஒரு வாய் குடித்தாள். “உங்க போனுதான் விடமாட்டேங்குது. காத்தால தொறந்தா முகூர்த்தம், முகூர்த்தம்னு. ஆறுன புண்ணக் கிண்டற மாதிரி இருந்துச்சு. அதத் தொறந்தே ஒரு வருசமாச்சு கண்ணு.”

கம்ப்யூட்டருக்கு வாய் நிற்கவில்லை. “ஒரு வருசமாவா? தெனமும் காத்தால வந்து தாளு கிழிக்கறீங்களே! நான் பாக்கறனே!”

“நானா? என்ன தம்பி சொல்ற?”

இன்பராஜ் வாயை மூடிக்கொண்டான்.

பூங்கோதை ஒரு வெற்றுத் தாளையும் பேனாவையும் சகுந்தலாமணியிடம் நகர்த்தினாள். “இப்பத் தொறந்தா என்ன இருந்தா நல்லாருக்கும்? நீங்களே வரைங்க.”

அவள் கூச்சப்பட்டாள், வேண்டாம் என்றாள், கடைசியில் தாளின் நடுவில் கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டாள். “பௌர்ணமி. மாசாமாசம் புளிசாதங் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் மொட்ட மாடியில போய் உக்காந்துக்குவோம். அவதான் ஆரம்பிச்சா. என்னிக்குன்னு எனக்குத்தான் மறந்து மறந்து போகுது.”

இருவரும் மாடிப்படி ஏறினார்கள். நடுப்படியில் பூங்கோதை நின்றாள்.

“வராதவங்களுக்கும் நிழல் வருமா?”

“ஆளு கொஞ்ச நாள் வரலைன்னா நிழல வெச்சு நெரப்பிக்குமுங்க. கணக்குல ஓட்ட விழக்கூடாதுன்னு.”

“அப்ப நெசமா எத்தன பேரு வர்றாங்க?”

“தெரியலைங்க்கா.” அவன் குரல் இறங்கிவிட்டது. “திரையில கூட்டமாத்தான் தெரியுது.”

பூங்கோதை அந்தக் கூட்டத்தை நினைத்துப் பார்த்தாள். மகளுக்கு இன்னும் வரன் தேடிக்கொண்டிருக்கும் அம்மாக்கள், செத்துப்போன கடைக்கு நல்ல நேரம் பார்க்கும் முதலாளிகள், எல்லாரும் அவரவர் பழைய நாளிலேயே நின்றுகொண்டு தினமும் தாள் கிழிக்கிறார்கள். அவர்களுக்காக இவள் திரை செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள். உயிரோடு இருப்பவர்கள் ஒவ்வொருவராக நழுவிப் போயிருக்கிறார்கள்.

அறைக்குள் வந்ததும் இன்பராஜ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “அக்கா, ஒண்ணு சொல்லோணும். ஒப்பந்தம் முடிஞ்சா அத்தன நிழலையும் அழிச்சிருவாங்க. அண்ணனோடதுஞ் சேத்து.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“மத்தியானத்துல அந்த நிழல் ஓடறது என்னோட திரையிலயும் தெரியுமுங்க. தெரியாத மாதிரி இருந்துட்டேன்.”

அவனை ஒரு நிமிஷம் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குப் பதிலாக, “உக்காரு” என்றாள். “அவரையே கேட்டுரலாம்.”

களிமண்ணைத் திறந்து ஒரு திரை வரைந்தாள். மேலே ‘எது இருக்கட்டும்?’ என்ற ஒரு கேள்வி, கீழே இரண்டு பட்டன். இடது பக்கம் களிமண், வலது பக்கம் நிழல்.

“படிச்சா அவருக்குப் புரியுமா?”

“புரியாதுங்க்கா. அவரு கை என்ன பண்ணுமோ அதத்தான் பண்ணும்.”

சென்னியப்பனின் நிழலிடம் திரையைக் கொடுத்தார்கள். வட்டம் தோன்றியது. தாளின் ஓரம் இருக்கிறதா என்று தேடியது, இல்லை. பிறகு அசையவில்லை. மூலையில் ‘கைவிட்டார்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வார்த்தை வந்து மறைந்தது. சட்டென்று இடது பட்டனில் ஒரே குத்து.

“பாத்தியா! மனுசனுக்கு உள்ளுக்குள்ள எத்தன உறுதி பாரு!” கண்ணில் நீர் திரண்டுவிட்டது. “வெளிய காட்டிக்கவே இல்ல.”

இன்பராஜுக்கு அது சரியாகப் படவில்லை. “நடுவுல இத்தன நேரம் என்னதான் நடக்குது?” என்று முணுமுணுத்துக்கொண்டே எதையோ மாற்றினான். விரல் தெரிந்த இடத்தில் இப்போது முழு போனும் படமாகத் தெரிந்தது. “இது போன் எப்படி ஆடுது, சாயுதுன்னு காட்டுமுங்க. யாரும் பாக்கறதில்ல.”

மறுபடி ஓட்டினான். போன் நேராக நின்றது. வட்டம் நின்றது. பிறகு போன் மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது, சாய்ந்தபடியே சற்று நகர்ந்தது. யாரிடமோ நீட்டுவது போல. நீட்டி, அப்படியே காத்திருந்தது. அப்போது பக்கவாட்டிலிருந்து வந்து குத்தியது ஒரு விரல்.

“அக்கா, இது வேற வெரலுங்க. சின்ன வெரலு.”

அவன் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம், வீட்டு சோபா. அவர் வலது பக்கம், அவள் இடது பக்கம். அவள் மடியில் அவரைக்காய், கண் டிவியில். அவர் போனில் ஏதாவது கேள்வி வந்துவிட்டால் போதும், கொஞ்ச நேரம் முழிப்பார். அப்புறம் அப்படியே இந்தப் பக்கம் நீட்டுவார். “அம்மிணி, நீயே அமுத்து.” அவள் என்ன ஏதென்று படிக்கவும் மாட்டாள், போனைக் கையில் வாங்கவும் மாட்டாள். அவரைக்காய் உரித்த விரலாலேயே, எது கிட்டத்தில் இருக்கிறதோ அதில் ஒரு குத்து. “ஆச்சா மாமா?” “ஆச்சு.” எத்தனை சாயங்காலம்!

மூன்று வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பெருமைப்பட்டது தன்னுடைய விரலைப் பார்த்துத்தான்.

முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்தாள், சிரித்து முடியும்போது அழுகையாகிவிட்டது. அவருக்குள் ஒளிந்திருந்த அந்த உறுதியான மனுஷன் இல்லை. இருந்ததெல்லாம், எதுவென்றாலும் அவளிடம் நீட்டுகிற, அவள் எதை அழுத்தினாலும் “ஆச்சு” என்கிற அந்த மனுஷன்தான். அந்த மனுஷனைத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியுமே. அவரைத்தான் அவள் இவ்வளவு நாளும் தேடினாள்.

“ஏனுங்க்கா, அப்ப நாம ஆம்பள வாடிக்கையாளருன்னு போட்டு வெச்சிருக்கறதெல்லாம்...” என்று இழுத்தான் இன்பராஜ்.

“பாதி பொண்டாட்டிமாருங்க தம்பி. இந்த ஊருல எந்த ஆம்பள தானா ஒண்ண அமுத்தியிருக்கறான்?” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு திரையைக் காட்டினாள். “களிமண்ண எடது பக்கம் வெச்சது யாரு?”

“நீங்கதானுங்க்கா.”

“ஆமா. வெக்கும்போதே முடிவு பண்ணிட்டேன் போல. எனக்குத்தான் தெரியல.”

நிழல்காரர்களின் ஒப்பந்தப் பக்கம் அவள் போனிலேயே வந்து காத்திருந்தது. திறந்தாள். ‘தொடரட்டும்’, ‘முடித்துவிடலாம்’ என்று இரண்டு பட்டன்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், முடித்துவிட்டால் நிழல்கள் எல்லாம் திரும்பக் கிடைக்காதபடி நீக்கப்படும் என்று ஒரு வரி. இன்பராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கீழேயிருந்து பப்ஸ் வாசனையும், சகுந்தலாமணி இன்னொரு டீ சொல்கிற குரலும் ஏறி வந்தன.

பூங்கோதைக்கு விரல் எழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை அறியாமலே கை போனை வலது பக்கமாகச் சாய்த்து நீட்டியது. நீட்டியபடியே சிறிது நேரம் இருந்தது. அந்தப் பக்கம் காலி நாற்காலிதான் இருந்தது.

“ட்ரிங்” என்றாள் தனக்குத்தானே, மெல்ல.

போனைத் திரும்பத் தன் முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பட்டன்களையும், அந்தப் பொடி எழுத்தையும், ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்துவிட்டு, வலது பக்கம் இருந்த ‘முடித்துவிடலாம்’ பட்டனை அழுத்தினாள்.

“ஆச்சு மாமா” என்றாள்.